சிங்கவரத்துக்குக் காட்டாத அறிவிப்பு

அந்த அறிவிப்பு நான்கே வரி. தேங்கிக் கிடக்கும் மூட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருப்பதால் நாளை வியாழக்கிழமை கமிட்டியில் ஏலம் கிடையாது. விவசாயிகள் நெல் கொண்டுவர வேண்டாம். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஏலம் நடக்கும். தேதியும் கிழமையும் முதல் வரியிலேயே இருந்தன. இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உட்கார்ந்தவன் நான்; அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. புதன்கிழமை மதியம், கமிட்டி வாசலில் ஒட்டிய நோட்டீஸின் பசை காய்வதற்குள் செல்போனில் நாங்கள் நடத்தும் செய்திப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை என் தங்கையின் நெல் அந்த வாசலுக்கு வெளியே, சாலையோரத்தில் நனைந்தது.

நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தை எங்கள் வட்டாரத்தில் கமிட்டி என்றுதான் சொல்வார்கள். அறுவடைக் காலத்தில் செஞ்சியின் போக்குவரத்தையே அதுதான் தீர்மானிக்கும். டிராக்டர்கள் விடியலுக்கு முன்பே வரிசை கட்டும். முன்னால் வந்த மூட்டைக்குக் கொட்டகையில் இடம் கிடைக்கும், பின்னால் வந்தது வெட்டவெளியில் கிடக்கும். அதனால் சுற்றுக் கிராமங்களில் முந்தின நாள் சாயங்காலமே மூட்டையை ஏற்றி வைத்துவிடுவார்கள். மூட்டைகள் குவிந்து கொட்டகை நிரம்பினால் ஒரு நாள் விடுமுறை விடுவார்கள். அது எந்த நாள் என்பது முந்தின நாள்தான் தெரியும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, இடம் அவ்வளவுதான்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது சிங்கவரத்தில். செஞ்சியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரம். ஒரு காலத்தில் அவர்கள் தெருவிலிருந்து யாராவது சாயங்காலம் சைக்கிளில் வந்து, கமிட்டி வாசலில் நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பக்கம் தொடங்கிய பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது.

நாங்கள் என்றால் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே செல்போன் கடை வைத்திருக்கும் பாயும். வேலையை விட்டு நான் ஊர் திரும்பியபோது அவர்தான் தொடங்கி வைத்தார். "நீங்க எழுதுங்கண்ணே, நான் போடறேன்" என்றார். அதற்கு முன் ஊருக்கு ஒரு குரூப் இருந்தது. காலை வணக்கப் பூக்களும் கட்சிச் சண்டையும் அதை மூழ்கடித்தபின் எல்லோரும் அதன் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள். பக்கம் என்றால் எழுதுவது நாங்கள் மட்டும்தான், சண்டை இருக்காது என்று நினைத்தோம். எங்கெங்கே கரண்ட் நிற்கும், ரேஷனில் பாமாயில் வந்ததா, மேல்மலையனூர் அமாவாசைக்கு பஸ்ஸை எந்த வழியில் திருப்பிவிடுகிறார்கள், கமிட்டி உண்டா இல்லையா. ஒரு பருவம் முழுக்க இது நன்றாகவே நடந்தது. தொண்டூரிலும் மண்டகப்பட்டிலும்கூட ஆட்கள் எங்கள் பக்கத்தைத் தொடர்ந்தார்கள். சிங்கவரத்தில் என் தங்கை தெருத்தெருவாகப் போய், வீட்டுக்கு வீடு போனை வாங்கி, ஃபாலோ பட்டனை அமுக்கிவிட்டு வந்தாள்.

அந்தப் பருவத்தில்தான் கிராமத்தில் ஒரு விதி பிறந்தது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே உருவானது. பக்கத்தில் ஒன்றும் போடவில்லை என்றால் கமிட்டி உண்டு. சாயங்காலம் டிராக்டர் வந்து நின்றதும் யாராவது கேட்பார்கள். "இன்னா, ஏதாச்சும் போட்டுக்கிறாங்களா?" "ஒண்ணும் போடல." "அப்ப ஏத்து."

எனக்கு இந்த விதி தெரியும். கேட்டபோது பெருமையாகக்கூட இருந்தது. பத்திரிகைக்கு வாசகன் கொடுக்கும் உயர்ந்தபட்ச மரியாதை அது. நாளிதழில் பள்ளி விடுமுறை என்று வரவில்லை என்றால் அம்மாக்கள் பிள்ளைகளுக்குத் தலை சீவிவிடத் தொடங்குவார்கள். வந்த செய்தியை நம்புவது சாதாரணம். வராததையும் நம்புவதற்குத்தான் நாள் ஆகும்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமும் டிராக்டர் வந்தது. என் தங்கையின் மூட்டைகள் மட்டும் ஒரு வண்டி நிறையாது. பக்கத்து வீடுகளின் நெல்லையும் சேர்த்துத்தான் எப்போதும் வண்டி வைப்பார்கள். அவள் அன்று ஏற்றப் போகிறாள் என்பது எனக்குத் தெரியாது. நெல்லைக் களத்திலேயே ஒரு வியாபாரிக்குப் போட்டுவிடலாம் என்று என் மாப்பிள்ளை, அவள் புருஷன், அந்த வாரம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள்தான் விடவில்லை. களத்து வியாபாரியின் தராசை அவள் நம்பமாட்டாள். கமிட்டியில் எடை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடக்கும். பக்கத்து வீட்டு அக்கா, மேகம் போட்டிருக்கிறதே, ஒரு நாள் பார்க்கலாமா என்று கேட்டபோது என் தங்கை போனை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாளாம். "ஒண்ணும் போடலக்கா. எங்க அண்ணன் பக்கந்தான். லீவுன்னா போடாம இருக்கமாட்டாரு. ஏத்துங்க."

காலையில் மாப்பிள்ளை கூப்பிட்டான். "மச்சான், கமிட்டி கேட்டாண்ட வா. ஒந் தங்கச்சி கூப்புடறா." குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

நான் போனபோது டிராக்டர்காரர் மூட்டைகளைச் சாலையோரத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு அடுத்த வாடகை காத்திருந்தது. கேட்டுக்குள் கொட்டகையின் விளிம்புவரை மூட்டை. ஆள் நுழைய இடமில்லை. வாட்ச்மேன் கையை விரித்தார். "நேத்தே ஒட்டிட்டாங்க சார். இவங்க பாக்காம வந்துட்டாங்க." கோட்டையின் கிருஷ்ணகிரி மலைப்பக்கம் கறுத்து, காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. கோடை மழை எங்கள் ஊரில் தூறிப் பழகாது, எடுத்தவுடன் கொட்டும். இருந்த தார்ப்பாய் பாதி மூட்டைக்குத்தான் எட்டியது. தங்கை தன் மூட்டைகளின் மேல் கிடந்ததை இழுத்து அக்காவின் மூட்டைகளின் மேல் போட்டதை நான் பார்த்தேன். யாரும் அவளைப் பாராட்டவில்லை.

"ஒங்க அண்ணன் பக்கம்னு சொன்னியேடி" என்றாள் அக்கா. "அதை நம்பித்தான ஏத்தனோம்?"

தங்கை என்னிடம் திரும்பினாள். "ண்ணா, நீ போடவே இல்லியே?"

"போட்டேன். நேத்து மதியம்."

"எங்க, காட்டு."

காட்டினேன். அவள் தன் போனை முந்தானையில் துடைத்துவிட்டுத் திறந்தாள். ஈர விரலுக்கு அது சரியாக நகரவில்லை. தள்ளினாள், தள்ளினாள். வரவில்லை. நான் வாங்கி எங்கள் பக்கத்தின் பெயரைத் தேடி, உள்ளே போய்க் காட்டினேன். அங்கே நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"இப்ப இருக்குது. நேத்து இல்ல" என்றாள்.

"நேத்தும் இருந்துச்சி. ஒனக்குக் காட்டல."

"யாரு காட்டல?"

நான் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை குறுக்கிட்டான். "களத்துலயே போட்டுடலாம்னேன், கேட்டியா நீ? மேகத்த பாத்து நெல்லு ஏத்துவாங்க. போன பாத்து ஏத்தனவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

மழை விட்டபின் ஒரு மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வியாபாரி மூட்டைகளுக்குள் கைவிட்டுப் பார்த்து, அடியில் தண்ணீர் ஏறியிருந்த அக்காவின் நெல்லையும் மற்ற வீட்டு நெல்லையும் ஈர நெல்லுக்கு உண்டான விலையில் ஏற்றிக்கொண்டு போனார். தங்கை கொடுக்கவில்லை. திருப்பி எடுத்துப் போய்ச் சாலையில் கொட்டிக் காயவைத்தாள். நெல் காய்ந்தது, நிறம் திரும்பவில்லை. மக்கின வாடை களத்தைவிட்டுப் போகவும் இல்லை.

யார் காட்டவில்லை என்ற அவளுடைய கேள்விக்கு எனக்குப் பதில் வேண்டியிருந்தது. அன்று மாலை அவள் வீட்டில் உட்கார்ந்து அவள் போனை வாங்கினேன். விபத்து நடந்த இடத்துக்குப் போகும் நிருபர் முதலில் யாரையும் கேட்கமாட்டார், தரையைப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலம் டிராக்டர் வாசலில் நின்றபோது அவளுக்கு என்னென்ன காட்டப்பட்டது என்று அவள் நினைவிலிருந்தும், போனில் தங்கியிருந்த தடயங்களிலிருந்தும் சேர்த்தேன். யாரோ ஒருத்தி மாங்காய் ஊறுகாய் போடுகிறாள். முகம் தெரியாத ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போடுகிறார்கள். புடவை விளம்பரம். மேடையில் ஒருவர் இன்னொருவரை ஒருமையில் திட்டுகிறார். மறுபடியும் புடவை. அதற்கடுத்து எங்கள் பக்கம். ஆமாம், எங்கள் பக்கமேதான். அறிவிப்பு அல்ல, போன கோடையில் போட்ட குரங்கு.

அந்தக் குரங்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டை பார்க்க வந்த ஒருவரின் பையைப் பிடுங்கிக்கொண்டு ராஜகிரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, அதிலிருந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்த்தது. தலைகீழாகத்தான் மாட்டியது. பாய் அதைப் படம் பிடித்துப் போட்டார். செஞ்சி எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று தெரியாதவர்களெல்லாம் அதைப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் வளர்ந்ததே அதனால்தான் என்று பாய் சொல்வார், நான் மறுத்ததில்லை.

ஆக நடந்தது இது. என் தங்கை எங்கள் பக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். புதன்கிழமை எங்களிடமிருந்து இரண்டு சரக்கு இருந்தது. ஒன்று அன்றைய அறிவிப்பு, இன்னொன்று ஒரு வருடப் பழைய குரங்கு. இரண்டில் எதை அவளுக்குக் கொடுப்பது என்று யாரோ முடிவு செய்தார்கள். நெல் வண்டி வாசலில் நிற்கும்போது குரங்கைக் கொடுத்தார்கள்.

அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பதிவு வந்ததும் அந்தச் செயலி அதை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் அதில் நின்றார்களா, சிரித்தார்களா, திட்டினார்களா, இன்னொருவருக்கு அனுப்பினார்களா என்று கவனிக்கிறது. ஏதாவது செய்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குப் போகும். ஒன்றும் செய்யாவிட்டால் அத்தோடு சரி. எங்கள் அறிவிப்பு எத்தனை பேரை எட்டியது என்று பாய் திறந்து காட்டினார். எங்கள் தெருவில் ஒரு காதுகுத்துக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

என் அறிவிப்பைப் பார்த்த ஒரு விவசாயி என்ன செய்வார்? படிப்பார். நாளைக்கு இல்லையா, சரி என்பார். போனைப் பையில் போட்டுக்கொண்டு, ஏற்றின மூட்டையை இறக்கப் போவார். லைக் போடமாட்டார். சிரிக்கமாட்டார். கண்ணீர் வடிக்கும் பொம்மை போடமாட்டார். ஒரு செய்தி வேலை செய்தது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. அந்த இயந்திரமோ அதைத் தோல்வி என்று குறித்துக்கொள்கிறது. ஆள் போனை மூடிவிட்டான், சரக்கு மோசம், இனி யாருக்கும் காட்டாதே. ஒரு செய்தி எவ்வளவுக்குப் பயனுள்ளதோ அவ்வளவு சீக்கிரம் அது புதைக்கப்படும். இதைக் கட்டியவர்கள் முட்டாள்கள் அல்ல. நெல் நனைவதை அவர்கள் விரும்பியிருக்கமாட்டார்கள். நெல் என்று ஒன்று இருப்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை, அவ்வளவுதான். கை போனை விட்டு நகரக் கூடாது என்பது ஒன்றுதான் அவர்கள் கேட்டது.

செய்தி மேசையில் இருந்த காலத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம், எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கத்தின் அடிமூலை என்று முடிவு செய்தோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் எங்களுக்கு ஒரு வாசல் இருந்தது. ஒருமுறை உள்ளூர்ப் பக்கத்தில் மல்லாட்டை விலை தப்பாக அச்சாகிவிட்டது. மறுநாள் ஒரு விவசாயி பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தார், செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகச் செய்தி ஆசிரியரின் மேசைக்குப் போனார், பேப்பரை மேசைமேல் போட்டார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எங்கள் ஆசிரியர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் அதே பக்கத்தில், அதே இடத்தில், திருத்தம் வந்தது. தப்பான விலையைப் படித்த அத்தனை பேருக்கும் சரியான விலை போய்ச் சேர்ந்தது. திருத்தத்தை யாருக்குக் காட்டலாம் என்று அச்சு இயந்திரம் யோசிக்கவில்லை.

இங்கே நான் எந்த வாசலுக்குப் போவது? புகார் எழுத ஒரு கட்டம் இருந்தது. எழுதினேன். என் கருத்துக்கு நன்றி தெரிவித்து அடுத்த நொடியே பதில் வந்தது. மனிதன் படிக்க எடுத்துக்கொள்ளும் நேரம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. பிறகு அந்த அறிவிப்பின் அடியில் ஒரு நீலப் பட்டன் முளைத்தது. இந்தப் பதிவு இன்னும் பலரைச் சென்றடைய வேண்டுமானால் பணம் கட்டி விளம்பரப்படுத்தலாம் என்றது. என் தங்கை தானாகக் கேட்டு வைத்த செய்தியை என் தங்கையிடமே கொடுப்பதற்கு என்னிடம் காசு கேட்டது. தபால்காரர் கடிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஊர்க்கோடியில் நின்று, எழுதினவனிடம் பேரம் பேசினால் அவரை என்ன செய்வோம்? சட்டையைப் பிடிக்கவாவது ஒரு சட்டை இருக்கும்.

கடையில் இதை நான் கத்திச் சொன்னபோது பாய் ஒரு போனின் உடைந்த கண்ணாடியை நெம்பிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கோவப்படாதீங்கண்ணே. கொரங்குக்கு இருக்கற மவுசு ஒங்களுக்கு இல்ல. அத மொதல்ல ஒத்துக்கோங்க."

"நான் கொரங்கோட போட்டி போடவா ஊருக்கு வந்தேன் பாய்?"

"இன்னா பண்றது, அதுவும் நம்ம ஸ்டாஃபுதான்."

அடுத்த வாரம் கமிட்டிக்கு மறுபடி ஒரு நாள் விடுமுறை வந்தது. இந்த முறை எப்படியும் சிங்கவரம்வரை போய்ச் சேர வேண்டும் என்று பாயும் நினைத்தார். நாலு வரி எழுதாதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள், கேள்வி கேட்டால் நம் ஆள் பதில் சொல்லாமல் போகமாட்டான் என்றார். பெரிய எழுத்தில் ஓர் அட்டை தயாரித்தார். தேதியை மேலே போட வைத்தேன். அதற்குக் கீழே: "நாளை மறுபடியும் கமிட்டி லீவு! இது நியாயமா?"

"நியாயம்தான பாய்? மூட்டைய அனுப்பாம எங்க அடுக்குவாங்க?"

"நியாயம்தான்னு போட்டா எவன் சண்டைக்கு வருவான்? சண்டை இல்லன்னா அது காட்டாது. காட்டலன்னா ஒங்க தங்கச்சி மறுபடியும் ஏத்திடும். எது வேணும் சொல்லுங்க."

செய்தி மேசையில் யாராவது இப்படி ஒரு தலைப்பை என் முன்னால் வைத்திருந்தால் கசக்கிக் கூடையில் போட்டிருப்பேன். சரி என்றேன்.

அது ஓடியது. சாயங்காலத்துக்குள் சண்டை களைகட்டிவிட்டது. சென்னையிலிருந்து ஒருவர் அரசாங்கத்தைத் திட்டினார். அவரை இன்னொருவர் திட்டினார். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர், டிராக்டர் வரிசையில் பரோட்டா வாங்கித் தின்ற நாட்களை நினைத்து மூன்று பத்தி எழுதினார். வியாபாரிகளை ஒருவர் ஏசினார். எந்த ஊர் என்று தெரியாத ஒருவர், "கொரங்கு எங்கடா?" என்று கேட்டிருந்தார். பாய் அடிக்கடி திறந்து பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் தங்கைக்குப் போன் செய்தேன். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. பிறகு அவளே கூப்பிட்டாள்.

"ண்ணா, நாளைக்கு கமிட்டி லீவாமே?"

எனக்கு அந்த நொடியில் வந்த சந்தோஷத்தைச் சொல்லத்தான் வேண்டும். "பாத்துட்டியா? வந்துச்சா ஒன் போன்ல?"

"என் போன்ல எங்க வந்துச்சி? என் போன்ல அந்தப் பொம்பள இன்னிக்கும் ஊறுகாதான் போடறா. எங்க கொழுந்தனாரு குவைத்லேர்ந்து போன் பண்ணாரு. அவருக்கு வந்துச்சாம்."

ஊரைவிட்டுத் தூரத்தில் இருப்பவனுக்கு ஊர்ப் பெயரைப் பார்த்தால் விரல் நிற்கும். ஏக்கத்தில் இரண்டு வரி எழுதுவான். இயந்திரத்துக்கு அவன்தான் நல்ல வாடிக்கையாளன். கமிட்டி கேட் பூட்டியிருக்கிறது என்ற செய்தி குவைத்தில் ஒரு அறைக்குப் போய், அங்கே வேலை முடித்து வந்து படுத்திருந்தவரின் கண்ணில் பட்டு, அவர் அண்ணியை நினைத்துக் கூப்பிட்டதால், கேட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும் சிங்கவரத்துக்கு வந்து சேர்ந்தது.

தெருவில் இது பெரிய தமாஷாகிவிட்டது. நான் மறுநாள் அங்கே போனபோது பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தாள். "வாங்க தம்பி. இன்னிக்கு மழை வருமா வராதான்னு குவைத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க, களத்துல நெல்லு கெடக்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சிரிப்போடு அது முடியவில்லை. அந்தத் தெருவில் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சாயங்காலம் ஒரு ஆள் பைக்கில் போய்க் கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறான். அதன்பிறகு வீடுகள் சேர்ந்து வண்டி வைக்கின்றன. அந்தக் கூட்டில் என் தங்கை வீட்டைச் சேர்க்கவில்லை. யாரும் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. "வண்டி நெறஞ்சிடுச்சிம்மா" என்றார்கள், இரண்டு தடவையும். அவள் மூட்டைக்கு மட்டும் தனியாக டிராக்டர் வைத்தால் வாடகைக்கே போய்விடும். அவளுடைய இரண்டாவது கழனி நெல், மழையில் படாத நல்ல நெல், களத்தில் கிடந்தது. மேற்கே தினமும் கறுத்தது.

"நான் வந்து பேசறேன்" என்றேன் அவளிடம்.

"இன்னான்னு பேசுவ? மெஷினு காட்டலன்னு சொல்லுவியா? நான் சொல்லிப் பாத்துட்டேன். ஒன் அண்ணன் போட மறந்துட்டாரு, நீ மூடி மறைக்கிறன்றாங்க."

இதைவிடப் பெரிய கோபம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை. அவள் வார்த்தைக்கு அந்தத் தெருவில் மதிப்பு இருந்தது. வீட்டுக்கு வீடு போய் அந்தப் பட்டனை அமுக்கி வைத்தவள் அவள். அந்த மதிப்பை எடுத்து உருட்டி விளையாடிவிட்டு, யாரோ எங்கேயோ குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, கருத்துக்கு நன்றி என்கிறார்கள்.

மாப்பிள்ளை வியாபாரிக்குச் சொல்லிவிட்டான். அவள் தடுக்கவில்லை.

வந்தவர் அன்று கேட்டருகில் ஈர நெல்லை வாங்கிக்கொண்டு போன அதே மினி லாரிக்காரர். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. ஆட்கள் மின்தராசை இறக்கிக் களத்தின் ஓரத்தில் வைத்தார்கள். மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்தான் அந்த செஞ்சி பக்கமா? நான் ஒண்ணு விடாம பாக்கறேன் சார். வெலை நெலவரம், கமிட்டி லீவு எல்லாம் கரெக்டா வந்துடும் எனக்கு. போட்ட அஞ்சி நிமிஷத்துல மொதல்ல ஒங்க பக்கந்தான் நிக்கும். நானும் வுடாம லைக் போட்டுடுவேன்."

"கமிட்டி லீவு ஒங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"லீவுன்னா அன்னிக்குக் கேட்டாண்ட நாலு வண்டியாவது வந்து மாட்டிக்கும் சார். மழை வேற. நாம போயி நின்னா அவங்களுக்கும் ஒரு ஒதவி." சொல்வதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அவர் தன் தொழிலைச் செய்கிறார். "அன்னிக்குகூட ஒங்க பக்கத்த பாத்துட்டுத்தான் வந்தேன்."

நான் எழுதிய நான்கு வரியும் வீணாகவில்லை. நெல் கொண்டுவராதே என்று விவசாயிக்கு எழுதியது, நெல் நனையும், வா என்று வியாபாரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் நின்று படிக்கிறார், பட்டனை அமுக்குகிறார், மறுநாளும் வருகிறார். அந்த இயந்திரம் தேடுகிற வாசகர் அவர்தான். தவறிப் போய் அப்படி நடந்துவிட்டது என்று நான் நம்பத் தயாராக இல்லை. அது அப்படி நடப்பதற்காகத்தான் செய்யப்பட்டிருக்கிறது.

தங்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் கேட்டாள்.

"லீவு இல்லன்னா லீவு இல்லன்னும் தெனமும் போட்டா இன்னா? கமிட்டி உண்டுன்னு வந்தா ஏத்துவோம். ஒண்ணும் வரலன்னா ஏத்தமாட்டோம்."

"போடலாம். அதையும் ஒனக்குக் காட்டாது."

"நீ போடறது எனக்கு வராது. அவருக்கு வரும்."

"ஆமா."

"அப்ப எதுக்கு ண்ணா போடற?"

முதல் மூட்டை தராசில் ஏறியது. ஏற்றிய ஆள் மூட்டையின் முனையை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்தபடியே எண்ணைச் சொல்ல வாயெடுத்தான். தங்கை ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போய்த் தராசுக்கு நேர் எதிரே குந்தினாள். வெயிலில் எண் தெரியவில்லை போலிருக்கிறது, முந்தானையை விரித்து மேலே நிழல் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடுப்பா" என்றாள். "நம்பர் நிக்கட்டும்."